சேரும்போது போட்ட கையெழுத்து எல்லாவற்றுக்கும் செல்லாது

ஒருவர், "அட்மிஷன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாச்சுன்னா டாக்டர் எந்த ஆபரேஷனும் செய்யலாம், வீட்டு ஆள் ஒருத்தர் சரின்னு சொன்னாலே போதும்" என்று எழுதியிருக்கிறார். தவறு. இதை நம்பி யாரும் பேசாமல் இருந்துவிடக் கூடாது.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பாருங்கள். 1995இல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டு கேமரா வழியாக உள்ளே பார்ப்பது) சோதனைக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே காத்திருந்த அவருடைய வயதான அம்மாவிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்ததாகாது, நோயாளி தானே முடிவெடுக்கக்கூடியவர் என்றால் அவர் கண் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அம்மாவின் ஒப்புதல் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவக் கட்டணம் தர வேண்டியதில்லை, கூடவே 25,000 ரூபாய் இழப்பீடு. (இழந்ததற்கு இது ரொம்பக் குறைவு என்பது என் வருத்தம்.)

விதிவிலக்கு உண்டு. உடனே செய்யாவிட்டால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் அனுமதியில்லாமலே செய்யலாம். "எப்படியும் பின்னால் செய்ய வேண்டியதுதானே, இன்னொரு முறை எதற்கு மயக்க மருந்து" என்பது அந்தக் கணக்கில் வராது.

அதனால் ஃபாரத்தை நீட்டும்போது என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். அதை விளக்க வேண்டியது டாக்டரின் கடமை.