மண்டை ஓடும் சிவப்பு மையும் போதுமாம்

"திகில் இதழ் அட்டைக்கு என்ன பெரிய வடிவமைப்பு? ஒரு மண்டை ஓடும் கொஞ்சம் சிவப்பு மையும் போதுமே" என்று நேற்றைய கலந்துரையாடலில் நண்பர் சொன்னதையும், அரங்கமே சிரித்ததையும் உங்களில் பலர் அறிவீர்கள். நாகரிகம் கருதி நானும் சிரித்துவைத்தேன். இரவு தூக்கம் வரவில்லை.

திகில் அட்டையின் வேலை பயமுறுத்துவது அன்று. கையில் எடுக்க வைப்பது. பயந்து விலகுகிறவர் இதழை வாங்கமாட்டார். 1958இல் தொடங்கிய 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' என்ற அமெரிக்கத் திகில் சினிமா இதழின் அட்டைகளுக்கு ஓவியர் பேசில் கோகோஸ் தீட்டிய முகங்களைப் பாருங்கள். ஒரு கன்னத்தில் பச்சை ஒளி, மறு கன்னத்தில் சிவப்பு, நெற்றியில் மஞ்சள். விளக்கு எங்கே இருக்கிறதென்று ஊகிக்க முடியாத அந்த நிறங்களே ஆளை இழுத்துவிடும். ரத்தம் தேவைப்படவில்லை. 1979இல் வந்த 'ஃபாங்கோரியா' என்ற திகில் சினிமா இதழ், தன் அட்டையில் பெரிய படத்தோடு ஃபிலிம் சுருள்போலச் சிறு படங்களையும் அடுக்கியது. உள்ளே இன்னும் இருக்கிறது என்று ஆசை காட்டும் ஏற்பாடு அது. இதெல்லாம் தானாக நிகழ்ந்ததா?

என் முதல் திகில் சிறப்பிதழ் அட்டையில் மண்டை ஓடு, வௌவால், நிலா, கல்லறை, கதவிடுக்கில் ஒரு கை என எல்லாவற்றையும் திணித்திருந்தேன். மூத்த ஓவியர் ஒருவர் வெள்ளைத் தாளால் ஒவ்வொன்றாக மறைத்து, கையை மட்டும் விட்டுவைத்து, "இப்போது கதவைத் திறக்கத் தோன்றுகிறதா?" என்று கேட்டார். தோன்றியது. எடுக்க வைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

ரத்தம் சொட்டும் அட்டைகளும் விற்றனவே என்பீர்கள். விற்றன. 1954இல், காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறதா என்று விசாரித்த அமெரிக்க செனட் துணைக்குழு, வெட்டுண்ட தலையைக் கையில் பிடித்திருக்கும் ஒரு காமிக்ஸ் அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸைக் கேட்டது. திகில் காமிக்ஸ் அட்டைக்கு இது நல்ல ரசனைதான் என்றும், தலையை இன்னும் சற்று உயர்த்திக் கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால் அது மோசமாகியிருக்கும் என்றும் அவர் பதில் சொன்னார். எல்லாரும் எள்ளி நகையாடும் பதில் அது. அந்த அட்டைக்காக நானும் வாதாட வரவில்லை. ஆனாலும் படத்தின் எல்லையை எங்கே வெட்ட வேண்டும் என்று அந்த மனிதர் யோசித்திருந்தார், நம் நண்பர் யோசிக்கவில்லை.

பெண்ணுடலைக் காட்டித்தானே விற்றார்கள் என்றும் கேட்பீர்கள். 1930களின் 'வியர்ட் டேல்ஸ்' என்ற அமெரிக்கத் திகில் கதை இதழின் அட்டைகளைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. அவற்றுள் பலவற்றைத் தீட்டிய மார்கரெட் பிரண்டேஜ், 'எம். பிரண்டேஜ்' என்றே கையெழுத்திட்டதால் ஓவியர் ஒரு பெண் என்பதே வாசகர்களுக்கு வெகுநாள் தெரியவில்லை. வரைந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அன்றும் இல்லை, நேற்றும் இல்லை.

நேற்றைய நிகழ்ச்சிக்கான அழைப்பிதழை, கூலி எதுவும் வாங்காமல், வடிவமைத்தவன் நான். அதில் இருந்தது பாதி திறந்த கதவு மட்டுமே. அதைப் பார்த்துத்தான் வரத் தோன்றியது என்று நண்பர் தம் பேச்சைத் தொடங்கினார். யார் செய்தது என்று கேட்கவில்லை.