கிராணி வீட்டு வைஃபை

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் சுங்கை சிப்புட் வீட்டு வைஃபையின் பெயர் மாறிவிட்டது. கோலாலம்பூரில் படிக்கும் அக்கா மகளின் வேலை. தென்னை மரம், வீடு, அகல்விளக்கு என மூன்று இமோஜி. பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை.

அப்பாவின் கைப்பேசியில் மட்டும் விளக்கு இருந்த இடத்தில் வெறும் கட்டம். அந்த விளக்கு இமோஜி பட்டியலில் சேர்ந்ததே 2019இல்தான், அவருடைய போன் அதற்கு மூத்தது. பிரிண்டரின் குட்டித் திரையில் வரிசையாகக் கேள்விக்குறிகள். வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் "வைஃபை பேர் என்ன மாமா?" என்று அப்பாவைத்தான் கேட்டார்கள். தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்து, வேலைக்கு ஆள் எண்ணும் விடியற்காலைப் பெரட்டில் ஆள் ஆளாகப் பேர் கூப்பிட்டவர். "இத எப்படிடா வாயால சொல்றது?" என்றார் என்னிடம்.

கடவுச்சொல்லிலும் ஓர் இதயத்தைச் சேர்க்கப் பார்த்திருக்கிறாள். நல்ல வேளை, ரவுட்டர் ஏற்கவில்லை. வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 முறையில் கடவுச்சொல் 8 முதல் 63 குறிகள் வரை இருக்கலாம். எல்லாம் ஆங்கில எழுத்து, எண், விசைப்பலகையில் உள்ள குறிகள்தான். மற்ற கணக்குகளில் இமோஜியை ஏற்கும் இடங்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து. சிவப்பு இதயத்தின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குறியீடு ஒட்டிக்கொண்டு வரும், சில கருவிகளில் வராது. நமக்கு இரண்டும் ஒரே இதயம். கணினிக்கு வேறு வேறு கடவுச்சொல்.

எனக்கு உண்மையான கோபம் வேறு இடத்தில். வைஃபை பெயருக்கு மொத்தம் 32 பைட்தான். பைட் என்பது எழுத்தைச் சேமிக்கக் கணினி கணக்கிடும் இட அளவு. ஆங்கில எழுத்துக்கு ஒன்று போதும், இமோஜிக்குப் பெரும்பாலும் நான்கு. தமிழில் 'க'வுக்கு மூன்று, அதன் கொக்கிக்குத் தனியாக மூன்று, ஆக 'கி' என்றால் ஆறு! "கிராணி வீடு" என்று எழுதினால் நடுவில் உள்ள இடைவெளியோடு 31 பைட். ஐந்தே எழுத்தில் பானை நிறைந்துவிடுகிறது. நம்மை யார் நினைத்துப் பார்த்தார்கள் அந்தக் கணக்கைப் போட்டபோது?

சரி, அதற்காக விட்டுவிட முடியுமா? இப்போது பெயர் "கிராணி வீடு"தான். அப்பா வாசலில் நின்றே சத்தமாகச் சொல்லிவிடுகிறார். பிரிண்டர் இதற்கும் கேள்விக்குறிதான் போட்டது, அதை வயரில் இணைத்துவிட்டேன். தமிழுக்காக ஒரு வயர் இழுக்கலாம். தென்னை மரத்துக்காக இழுக்க மாட்டேன்.

அக்கா மகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓரத்தில் ஒரு விளக்காவது வைக்கக் கூடாதா என்று கேட்டாள். மிச்சம் இருப்பது ஒரு பைட்.