30 சதவீதம் கூடுதல் சம்பளம், ஆனால் கையில் மிஞ்சுவது குறைவு

வேறு நகரத்தில் டிசைனர் வேலை. 30 சதவீதம் கூடுதல் சம்பளம். அங்கே செலவு 20 சதவீதம்தான் அதிகம் என்று ஓர் இணையதளத்தின் கணக்கைக் காட்டி எச்ஆர் அடித்துச் சொன்னார். நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனேன். இன்று மாதக் கடைசியில் மிஞ்சுவது முன்பைவிடக் குறைவு. வயிறு எரிகிறது.

அந்த 20 சதவீதத்தில் வாடகையே இல்லை! அவர் காட்டியது நம்பியோ (Numbeo), ஊர்களின் செலவை ஒப்பிடும் தளம். அது நியூயார்க்கை 100 என்று வைத்துப் போடும் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டில் வாடகை சேராது. வாடகைக்குத் தனிக் குறியீடு, இரண்டும் சேர்ந்ததற்கு இன்னொன்று. தளம் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆள் பிடிப்பவர்கள்தான் வசதியான எண்ணை மட்டும் எடுத்து நீட்டுகிறார்கள்.

பழைய சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 30, மற்றச் செலவு 30, மிச்சம் 40. புது ஊரில் சம்பளம் 130. வாடகை இரட்டிப்பாகி 60, மற்றச் செலவு 36. மிச்சம் 34! வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும் இடமென்றால் அந்த 130கூட முழுதாகக் கைக்கு வராது. வீட்டு முன்பணம், தினமும் பயணத்தில் போகும் நேரம் இதெல்லாம் தனி.

சரி, சம்பளத்தையாவது ஒழுங்காக ஒப்பிட முடிகிறதா? 'டிசைனர் சராசரிச் சம்பளம்' என்று ஒரே எண். அதற்குள் கிராஃபிக் டிசைனரும் இருக்கிறார், பெரிய மென்பொருள் நிறுவனத்தின் புராடக்ட் டிசைனரும் இருக்கிறார். நாலு பேரின் பெரிய சம்பளம் சராசரியைத் தூக்கிவிடும். நடுவில் இருப்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று யாரும் சொல்வதில்லை. நியூயார்க் நகரில் 2022 நவம்பரிலிருந்து வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது இல்லாத இடங்களில் 'அனுபவத்துக்கேற்ப' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதைவிடக் கொடுமை, வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்றால் 'உங்கள் ஊரில் செலவு குறைவு' என்று சம்பளத்தைக் குறைப்பது. லேப்டாப்பும் மானிட்டரும் எனக்காக விலை குறைகின்றனவா? எழுத்துருவுக்கு உரிமம் வாங்கும்போது என் ஊர் வாடகையைக் கேட்டா பில் போடுகிறார்கள்? நான் செய்த வடிவமைப்புக்கு வாடிக்கையாளரிடம் முழுக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, எனக்கு மட்டும் ஊர்க் கணக்கா?

இனி யாராவது சதவீதத்தை நீட்டினால், அலுவலகத்துக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் ஐந்து வீடுகளின் வாடகையை எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசுவேன்.