நான் பந்து விளையாடத்தான் போனேன்

அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து பெரியம்மா மகள் கூப்பிட்டு, "அக்கா, நீங்க மதம் மாறிட்டீங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

உங்களில் பலர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டீர்கள். என் கையில் வாலிபால், பின்சுவரில் சிலுவை, பக்கத்தில் என் அண்ணன் மகனும் இன்னும் மூன்று பிள்ளைகளும். கீழே, "தமிழ் டீச்சரே இப்படி என்றால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?" என்று ஒரு வரி. கோவில் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுத மாட்டேன். என் அப்பாவின் காரியத்தில் தேவாரம் பாடியவர் அவர். வேறு யாராவது போட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

நான் பந்து விளையாடத்தான் போனேன். வெள்ளிக்கிழமை வீட்டில் விளக்கேற்றிவிட்டு, சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். அந்த சர்ச் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். ஏழு மணிக்கு மண்டபத்தைத் திறப்பார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், பெயர் பதிவு கிடையாது, சந்தா கிடையாது. வந்தவர்களை அங்கேயே ஆறு ஆறு பேராகப் பிரிப்பார்கள். தோற்ற அணி வெளியே உட்காரும், காத்திருக்கிற அணி உள்ளே வரும். சர்வீஸ் கூடப் போடத் தெரியாத பிள்ளைகள், பேருந்து ஓட்டுகிற அண்ணன், ஆஸ்பத்திரியில் வேலை முடித்து அப்படியே வருகிற இரண்டு நர்ஸ்கள், கறுப்பின மக்கள் வாழ்கிற உம்லாசியிலிருந்து வருகிற இளைஞர்கள், எல்லாரும் ஒரே நெட்டின் இரண்டு பக்கமும் நிற்போம்.

"ஆட்டத்துக்கு முன்னால் ஜெபம் செய்கிறார்களே?" என்று கேட்டிருக்கிறீர்கள். செய்கிறார்கள். யாருக்கும் அடிபடக் கூடாது என்று பாஸ்டர் ஒரு சின்ன ஜெபம் சொல்வார். நான் அமைதியாக நிற்பேன். அவர்கள் வீட்டில் அவர்கள் கும்பிடுகிறார்கள், இதில் எனக்கு என்ன குறைந்துவிட்டது? நம் கோவிலில் காவடிக்குத் தண்ணீர் கொடுக்க வருகிற முஸ்லிம் அண்ணனிடம் "நீ திருநீறு பூசினாயா?" என்று நாம் கேட்கிறோமா?

போன புரட்டாசியில் நடந்ததையும் சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் சாப்பிட ஏதாவது இருக்கும். அன்றைக்கு மட்டன் பன்னி சௌ, ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றியது. நான் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். சமையல்கட்டிலிருந்து ஒரு ஆன்ட்டி வந்து, "டீச்சர், உங்களுக்குத் தனிப் பாத்திரத்தில் பீன்ஸ் வைத்திருக்கிறேன், கறிக்கரண்டி படவில்லை" என்று கையில் கொடுத்தார். நான் விரதம் என்று யாரிடமும் சொல்லவில்லை. மாதத்தைப் பார்த்து அவர்களே புரிந்துகொண்டார்கள். அந்த ஆன்ட்டியின் பாட்டி வீட்டிலும் ஒரு காலத்தில் புரட்டாசி இருந்திருக்கும் அல்லவா?

"பந்தைக் காட்டித்தான் பிடிப்பார்கள், உனக்குத் தெரியாது" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். எனக்கா தெரியாது? என் சொந்தப் பெரியம்மா வீட்டில் நடந்தது. பெரியப்பா நோயில் படுத்திருந்தபோது ஜெபம் செய்ய வந்தவர்கள், சாமி படங்களைப் பிசாசு என்று சொல்லிக் கழற்ற வைத்தார்கள். ஆயா கொண்டுவந்த குத்துவிளக்கு கராஜில் பழைய டயர்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை நான்தான் எடுத்துவந்து வைத்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு, எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அவர்கள் வேறு, இவர்கள் வேறு. இந்த மண்டபத்தில் யாரும் என் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என் பொட்டைப் பற்றிப் பேசியது நம் குழுதான்.

"தமிழ்ப் பிள்ளைகளை சர்ச்சுக்கு இழுக்கிறாள்" என்றால், அங்கே ஆடுகிறவர்களில் பலர் தமிழர்கள்தானே? சென்னையிலிருந்து 342 பேருடன் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பலான ட்ரூரோ டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. அந்தக் கப்பலிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஒரே கப்பல், ஒரே கரும்புத் தோட்டம். அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் போய், நீங்கள் தமிழர் இல்லை என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? என் சனிக்கிழமை வகுப்பில் அ, ஆ எழுதுகிற பிள்ளைகளில் இரண்டு பேர் அந்த வாலிபால் மண்டபத்தில் என்னைப் பார்த்து, "டீச்சர், எங்களுக்கும் சொல்லிக்கொடுப்பீங்களா?" என்று கேட்டு வந்தவர்கள். இதை யாரும் குழுவில் போடவில்லை.

அப்புறம் அந்த இன்னொரு கேள்வி. "இந்த வயதில், ஆண்களோடு சேர்ந்து, ட்ராக்பேன்ட் போட்டுக்கொண்டு..." இதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். என் முட்டி வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார். இங்கே பொழுது சாய்ந்த பிறகு ஒரு பெண் தனியாகத் தெருவில் நடக்க முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள். வெளிச்சம் உள்ள, கதவு உள்ள, தெரிந்த முகங்கள் உள்ள ஓர் இடம் கிடைத்தது. போனேன்.

என் அப்பா இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் கால்பந்து மேட்ச் என்றால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். அவர் ஆடிய அணியில் கோல்கீப்பர் முஸ்லிம், கேப்டன் கிறிஸ்தவர். பாப்வா சேகோலம் கதையை எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார். நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1963-இல் நேட்டால் ஓபன் கோல்ஃபில் வென்ற இந்தியர். கிளப்புக்குள் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள், வென்றவரை மழையில் வெளியே நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் குரல் கம்மும். விளையாட வந்தவனைப் பார்த்து "நீ யார், எந்தப் பக்கம்?" என்று கேட்பதை எதிர்த்து ஒரு தலைமுறையே நின்றது. அசாதாரணமான சமூகத்தில் சாதாரண விளையாட்டு இருக்க முடியாது என்று நிறவெறியை எதிர்த்த விளையாட்டு அமைப்பான சாக்காஸ் சொன்னபோது அப்பா தன் ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தார். அவர் மகளிடம் இன்றைக்கு அதே கேள்வி, நம் ஆட்கள் வாயிலிருந்து.

சரி, நான் சர்ச்சுக்குப் போகக் கூடாது. எங்கே போக? நம் கோவிலுக்கு மண்டபம் இல்லையா? பெரிய மண்டபம் இருக்கிறது. கேட்டோ மேனரில் தாத்தாவின் வீட்டை, இனம் பார்த்து ஆட்களைத் தனித்தனியாகக் குடிவைத்த குழுப்பகுதிச் சட்டத்தில் பிடுங்கி இந்த சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய பிறகு, நம் ஆட்கள் காசு சேர்த்துக் கட்டியது அது. என் ஆயா வடை சுட்டு விற்ற காசும் அந்தச் செங்கல்லில் இருக்கிறது. அந்த மண்டபத்தை வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள் என்று நான் எழுதிக் கேட்டேன். ஒரு தடவை இல்லை. தரையில் கோடு போட்டால் டைல்ஸ் கெட்டுவிடும் என்றார்கள். கல்யாண வாடகை பாதிக்கும் என்றார்கள். கடைசியாக எழுதியதற்குப் பதிலே இல்லை. இந்தக் கடிதங்களைப் பற்றி அந்தக் குழுவில் ஒருவராவது ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா?

படத்தில் என் பக்கத்தில் நிற்கிற அண்ணன் மகனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவன் சுகர்ஸ் என்கிற போதைப்பொருளில் விழுந்தான். வீட்டுக் குழாயைக் கழற்றி விற்றான். அண்ணி ராத்திரி முழுக்க வாசலில் உட்கார்ந்திருப்பார். அப்போது இதே தெருவில்தான் இருந்தோம், இதே கோவிலுக்குத்தான் வந்தோம். அண்ணி அர்ச்சனைக்கு வந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் கைப்பையை இடுக்கிக்கொண்டார்கள். மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பிய பிறகு அவன் வெள்ளிக்கிழமை ராத்திரிகளுக்குத்தான் பயந்தான், பழைய கூட்டாளிகள் வருகிற நேரம் அது. அந்த சர்ச் மண்டபம் அந்த நேரத்தில் திறந்திருந்தது. அவனைத் தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் கூடப் போனேன். அப்படித்தான் நான் வாலிபால் ஆட ஆரம்பித்தேன். இப்போது அணி பிரிக்கிற பொறுப்பு அவனுடையது. மண்டபச் சாவியை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். சொந்த வீட்டுச் சாவியை நாங்களே அவனிடம் கொடுக்கத் தயங்கிய பையன் அவன்.

இதையெல்லாம் பொதுவில் எழுத வேண்டாம் என்று அண்ணி சொன்னார். அவனே, "எழுதுங்க அத்தை" என்றான்.

இந்த வெள்ளிக்கிழமையும் நாங்கள் போவோம். சனிக்கிழமை தமிழ் வகுப்பும் வழக்கம்போல் நடக்கும். பிள்ளைகளை நிறுத்த விரும்புகிறவர்கள் எனக்கு நேரே சொல்லுங்கள், குழுவில் வேண்டாம். படத்தைப் போட்ட அண்ணாவுக்கு ஒன்று: என் முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கிற மற்ற மூன்று பிள்ளைகளின் அம்மா அப்பா யாரும் அந்தக் குழுவில் இல்லை, அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள்.