டில் ஏன் அழுதான்?

'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் பற்றி நான் படித்த கட்டுரை, அதில் வரும் வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபிஞ்சின் வாதத்திறமையையே சுற்றிவருகிறது. சரி, ஆனால் ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வெளியான அந்த நாவலில் என்னை உலுக்கியது சிறுவன் டில் அழும் இடம்தான். தீர்ப்புக்கு முன்பே அழுகிறான். வெள்ளைப் பெண் மேயெல்லாவை வன்புணர்ந்ததாகப் பழிசுமத்தப்பட்ட, அட்டிகஸ் வாதாடிக் காக்க முயலும் கறுப்பர் டாம் ராபின்சனை, வளர்ந்த ஆளை, அரசு வழக்கறிஞர் 'பையா' என்று ஏளனமாகக் கூப்பிட்டு விசாரிப்பது அவனுக்குக் குமட்டுகிறது. ஸ்கவுட்டோ, 'என்ன இருந்தாலும் அவன் நீக்ரோதானே' என்கிறாள். அட்டிகஸ் வளர்த்த பெண்! நீதிமன்றத்துக்கு வெளியே ஊர்க்காரர் டால்ஃபஸ் ரேமண்ட் சொல்வது இன்னும் கசப்பு: கொஞ்சம் வளர்ந்துவிட்டால் டில் இதற்கெல்லாம் அழ மாட்டானாம். ஸ்கவுட்டின் அண்ணன் ஜெம் பாவம், சாட்சியங்களை நம்பினான். மேயெல்லாவுக்கு அடிபட்டது முகத்தின் வலப்பக்கம்; அப்படியென்றால் அடித்தவன் இடக்கைக்காரனாக இருக்க வேண்டும். டாமின் இடது கையோ சிறுவயதிலேயே பருத்தி ஜின்னிங் இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்திருந்த ஜூரிக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.