1850 கணக்கெடுப்பில் உறவுமுறை கிடையாது

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில விவசாயக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைப் பேசும்போது, ‘1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே அந்த வீட்டிலிருந்த ஐந்து பேரும் குடும்பத் தலைவருடைய பிள்ளைகள் என்று பதிவாகியிருக்கிறது’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படிப் பதிவாகியிருக்க வாய்ப்பில்லைங்க. பெயர், வயது, பால், நிறம், தொழில், நிலத்தின் மதிப்பு, பிறந்த மாநிலம் எல்லாம் அந்தத் தாளில் உண்டு. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டம்தான் இல்லை. அது முதன்முதலில் வந்தது 1880-இல். 1840 வரை இன்னும் மோசம், குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதினார்கள்.

வயது வரிசையாக ஒரே குடும்பப்பெயர் இருந்தால் பிள்ளைகள் என்று ஊகிப்பது இயல்புதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அண்ணன் மகனும் அதே பெயரோடுதான் அந்த வீட்டில் இருப்பான்.

சரிபார்ப்பது எளிது. பழைய குடும்பப் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் (FamilySearch) தளத்தில் இலவசக் கணக்கு திறந்து, தட்டச்சு செய்த சுருக்கத்தை விட்டுவிட்டு மூலத்தாளின் படத்தையே திறங்கள். மேலே அச்சிட்ட கட்டத் தலைப்புகளை இடமிருந்து வலமாகப் படியுங்கள். அப்புறம் 1880 தாளைப் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள்தானா என்பதற்கு, கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்து உயிலையும் சொத்துப் பிரிவினைப் பதிவுகளையும் தேட வேண்டும்.