அப்பாவின் கணக்கு நோட்டு

இந்தியன் ஓவர்சீஸ் வங்கி (ஐஓபி) தொடங்கிய வரலாற்றைப் பற்றிய கட்டுரைக்கு மிக்க நன்றி. 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்தார்கள் என்ற வரியைப் படித்ததுமே அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அந்த வங்கியில் 36 வருஷம் வேலை பார்த்தவர். நிறுவனர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1954-லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார்; அப்பா அவரைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் ‘செட்டியார் ஐயா’ என்றுதான் சொல்வார்.

1969 ஜூலையில் 14 வங்கிகள் அரசுடைமை ஆனதில் ஐஓபியும் ஒன்று. அப்புறம் அப்பாவுக்குக் கிராமக் கிளைகள்தான். கிணற்றுக் கடன் கேட்டால் சைக்கிளில் வயலுக்கே போவார். கல் கட்டிய கயிற்றை விட்டு, எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து.

எங்கள் படிப்புக்காக அம்மாவும் நாங்களும் மதுரையிலேயே இருந்தோம். சனிக்கிழமை அரை நாள் வேலை. கணக்கு டேலி ஆனதும் கிளம்பி ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குவார். எத்தனை மணியானாலும் சரி, எங்கள் மூன்று பேர் நோட்டையும் புரட்டிப் பார்க்காமல் படுத்ததே இல்லை.

போன மாதம், 92 வயதில் காலமானார். அலமாரி நிறைய வீட்டுக் கணக்கு நோட்டுகள். கடைசி நோட்டில் எழுத்து நடுங்கியிருக்கிறது. ‘பேத்திக்கு ஜாமெட்ரி பாக்ஸ் 180’. கீழே கூட்டிப்போட்டு, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்திருக்கிறார்.